நாலில் ஒன்று

அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த இருநூற்றுச் சொச்சம் பேரும் அவரை நாலண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்தது. அதை யாராவது உரக்கப் படித்தால் அவரே உடனே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அவர் டவர் கிரேனுக்குச் சைகைக்காரர். கிரேன் ஓட்டுகிறவர் அறுபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கட்டடம் எழும்ப எழும்ப அதன் மறுபக்கம் அவருக்குத் தெரியாமல் போய்விடும். கொக்கி எங்கே இறங்குகிறது, அதற்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் கீழே இருக்கும் சைகைக்காரர் வாக்கி டாக்கியில் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு டன் கம்பியை ஆகாயத்தில் நகர்த்துவது மேலே இருப்பவரின் கைதான். ஆனால் அது எங்கே போகவேண்டும் என்று சொல்வது கீழே இருப்பவரின் வாய்.

மேலே இருந்தவர் நாலண்ணனின் மைத்துனன், மனைவியின் தம்பி. இருவரும் ஏழு வருடமாக ஒரே கிரேனில் வேலை செய்தார்கள். "மாப்ளே, இடது… இடது… மெதுவா… போதும்" என்று கீழிருந்து குரல் போகும். "சரி மாமா" என்று மேலிருந்து குரல் வரும். நாள் முழுக்க இதுதான் பேச்சு.

நாலண்ணன் என்ற பெயர் வந்தது அவர் வேலை செய்த விதத்தால். கம்பி மேஸ்திரி, கான்கிரீட் மேஸ்திரி, பலகை அடிக்கிறவர்கள், பூச்சு வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. எல்லோருக்கும் கிரேன் உடனே வேண்டும். முதலில் இடத்தை, அதாவது மாடியையும் திசையையும், சொல்லவேண்டும், அப்புறம் பொருளைச் சொல்லவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். "ஏழு கிழக்கு, கம்பி." "ஒன்பது வடக்கு, பலகை." அவர் எதையும் எழுதி வைத்துக்கொள்ளமாட்டார். நாலு கேட்புகள் வரை தலையில் வாங்கிக்கொள்வார். ஐந்தாவது ஆள் வாயைத் திறந்தால், "நில்லுப்பா, வயிறு நிறைஞ்சிருக்கு" என்பார்.

வாங்கிய வரிசையிலேயே கொடுப்பதாக இருந்தால் அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவர் அப்படிச் செய்வதில்லை. கான்கிரீட் இறுக ஆரம்பித்திருந்தால் அது முந்தும். காற்று எழுந்தால் பலகை பிந்தும், ஏனென்றால் பலகை காற்றில் பாய்மரம் மாதிரி திரும்பும். கொக்கி ஏற்கெனவே கிழக்கே போயிருந்தால் கிழக்குக்காரனுக்கு யோகம். ஆக ஒவ்வொரு தடவையும், தலைக்குள் இருக்கும் நாலில் அந்த நொடிக்குத் தேவையான ஒன்றை எடுத்து வாயில் வைக்கவேண்டும். மற்ற மூன்றும் கலையாமல் காத்திருக்கவேண்டும். இதை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஆறு வருடம் கீழே நின்று லோடு கட்டியபோது காதால் கேட்டே பழகியது. தான் என்ன செய்கிறோம் என்று அவர் யோசித்ததும் இல்லை. மூச்சு விடுகிறவன் எண்ணிக்கொண்டா விடுகிறான்?

முதல் தப்பு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. கான்கிரீட் பக்கெட் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு கிழக்கில் ஆட்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். அவர் வாயிலிருந்து, "ஒன்பது வடக்கு" என்று வந்தது.

"மாமா, கான்கிரீட் ஒன்பதுக்கா?"

"ஆறுக்கு, ஆறுக்கு. ஒன்பது பலகை கேட்ட இடம். நாக்கு புரண்டுடுச்சு."

"அக்கா ஏதாவது காரமா சமைச்சுக் குடுத்துட்டாளா?"

"உங்க அக்கா சமைச்சா நாக்கு புரளாது மாப்ளே, அப்படியே படுத்துக்கும்."

அலைவரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் வியாழக்கிழமை மறுபடியும் வந்தது. அடுத்த வாரம் இரண்டு தடவை வந்தது.

அவருக்கு விளங்காத ஒன்று அதில் இருந்தது. மறந்துபோனால் மனிதன் திணறுவான், விழிப்பான், "என்ன கேட்டே?" என்று திருப்பிக் கேட்பான். அவர் எதையும் மறக்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அன்றைய கேட்புகளைச் சொல்லிப் பார்த்தார். காலை பத்து மணிக்கு வந்த நாலும் நாலாகவே இருந்தன. தப்பாகச் சொன்ன இடம் ஒவ்வொன்றும் யாரோ உண்மையிலேயே கேட்ட இடம். கேட்காத இடத்துக்கு ஒரு தடவைகூடக் கொக்கியை அனுப்பவில்லை. சரியான நாலும் உள்ளேதான் இருந்தன. வெளியே வரும்போதுதான் வேறொன்று வந்துவிட்டது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை.

பன்னிரண்டு மீட்டர் கம்பிக்கட்டு, இரண்டு டன், கொக்கியில் ஏறியது. அது போகவேண்டிய இடம் ஏழு கிழக்கு. மூன்று மேற்கில் பூச்சு வேலைக்காரர்கள் மணல் கேட்டிருந்தார்கள். மணல் இறக்குவதற்காகச் சாரத்து மேடையில் ஐந்து பேர் இடம் ஒதுக்கி, தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"மூணு மேற்கு. வலது போ மாப்ளே."

கிரேனின் நீண்ட கை வலதுபக்கம் திரும்பியது. கம்பிக்கட்டு கட்டடத்தின் முனையைத் தாண்டியது. பாதி வழியில் அது தானாக நின்றது. அப்புறம் மைத்துனனின் குரல் வந்தது. எப்போதும் இருக்கும் கேலி அதில் இல்லை.

"மாமா. ஏழு கிழக்குதானே?"

அவர் அண்ணாந்து பார்த்தார். கம்பிக்கட்டு காற்றில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே இல்லை, இன்னும் நாலு கை தூரத்தில், ஐந்து மஞ்சள் தொப்பிகள்.

"ஆமா," என்றார். "ஏழு கிழக்கு."

கீழே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஏழாம் மாடியில் கம்பி இறங்கியது. நாலண்ணன் அந்த ஐந்து தொப்பிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

சாயங்காலம் மைத்துனன் நேராக அவர் வீட்டுக்கே வந்துவிட்டான். அக்கா கதவைத் திறந்ததும், "டீ போடு, விஷயம் பெருசு" என்றான். அவள் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நின்றே வேலை செய்த காலோடு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய விஷயத்துக்கு நீயே போட்டுக்க," என்றாள். "என்னடா?"

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார்.

"இன்னிக்கு நடந்தது எட்டாவது தடவை," என்றான் அவன்.

"அஞ்சாவது," என்றார் நாலண்ணன்.

"உங்களுக்குத் தெரிஞ்சது அஞ்சு. மூணு தடவை நான் கேக்கவே இல்லை. சரியான இடத்துக்கு நானே கொண்டுபோய் இறக்கிட்டேன்."

அவருக்கு முதலில் அது புரியவே இல்லை. "உனக்கு எப்படித் தெரியும் எது சரியான இடம்னு?"

"மாமா, உங்களுக்குக் கேக்கிற நாலும் எனக்கும்தான் கேக்குது. ஒரே அலைவரிசைதானே? முதல் தப்பு வந்த நாள்லேருந்து நானும் நாலையும் மனசுல வச்சுக்கிட்டு, நீங்க எடுக்கிறது சரியான்னு பாத்துக்கிட்டேதான் ஓட்டுறேன்."

மூன்று வாரம். கையால் கிரேனை ஓட்டிக்கொண்டு, காற்றைப் பார்த்துக்கொண்டு, அதற்கும் மேலே இந்த நாலையும் சுமந்துகொண்டு அவன் உட்கார்ந்திருந்திருக்கிறான். நாலண்ணன் மைத்துனனின் தோளைத் தொட்டார்.

அக்கா அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. "எட்டு தடவை! ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து மூணு வாரமா மூடி வச்சீங்களா? யார் தலையிலாவது விழுந்திருந்தா அப்பவும் மூடி வைப்பீங்களா?"

"அக்கா…"

"நீ பேசாதே." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "இங்க பாருங்க. போன மாசம் ஒரு காலையில டம்ளர் கையைவிட்டு விழுந்துச்சே, பத்து நிமிஷம் உங்களுக்குப் பேச்சு குழறிக் குழறி வந்துச்சே. தூக்கக் கலக்கம்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதுவும் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

மறுநாள் அவள் லீவு போட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் கணினித் திரையில் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். நெற்றிக்குப் பின்னால், இடதுபக்கம், பயறு அளவுக்கு ஒரு கறை. சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்து, அந்த இடம் காய்ந்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "என்ன பாதிப்புன்னு பக்கத்து அறையில சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார்.

பக்கத்து அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு தொடுதிரை. சோதனை செய்கிற அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். நாலண்ணனின் மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

"பாத்தீங்களா, எனக்கும் சோதனை தேவைதான்," என்றார் அந்த அம்மா.

சோதனை எளிதாகத்தான் இருந்தது. திரையில் மேலே ஒரு வண்ணச் சதுரம், கீழே ஒரு வண்ணச் சதுரம் வரும். ஒரு நொடியில் இரண்டும் மறையும். கொஞ்ச நேரம் வெறும் திரை. அப்புறம் எல்லா நிறங்களும் இருக்கும் ஒரு வட்டம் தோன்றும். கேட்ட நிறத்தை அதில் தொடவேண்டும்.

முதல் சுற்றில், சதுரங்கள் வருவதற்கு முன்னாலேயே ஓர் அம்புக்குறி வந்தது. மேலே என்றால் மேலேயுள்ளதை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். இருபதுக்கு இருபது. மனைவி அந்த அம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

இரண்டாம் சுற்றில் அம்புக்குறியே இல்லை. மேலே என்ன, கீழே என்ன, இரண்டையும் சொல்லவேண்டும். இருபதில் ஒன்று தவறியது.

மூன்றாம் சுற்றில் சதுரங்கள் மறைந்த பிறகு அம்புக்குறி வந்தது. உடனே தொடவேண்டும். இரண்டும் கையில்தான் இருக்கின்றன, கேட்டதைக் கொடுத்தால் முடிந்தது. அவர் சிரித்துக்கொண்டே தொட்டார். தொட்டுக்கொண்டே போனார். முடிந்ததும் அந்த அம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருபதுல ஒன்பது தப்பு," என்றார். "ஆனா இதைக் கேளுங்க. ஒன்பதுலயும் நீங்க தொட்டது இன்னொரு சதுரத்தோட நிறம். அதுவும் அச்சு அசலா. காட்டாத நிறத்தை ஒரு தடவைகூடத் தொடலை."

நாலண்ணனுக்கு மேல் சட்டைக்குள் சிலிர்த்தது. கேட்காத இடத்துக்கு அவர் கொக்கியை அனுப்பவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து தான் மட்டும் கண்டுபிடித்து வைத்திருந்த விஷயத்தை, கிரேனையே பார்க்காத ஒரு பெண் வண்ணச் சதுரங்களை வைத்து எடுத்துக் காட்டிவிட்டார்.

"ஞாபகம் வச்சிருக்கிறது ஒரு வேலை," என்றார் அந்த அம்மா. "வச்சிருக்கிறதுல வேண்டியதை எடுக்கிறது வேற வேலை. நமக்கு ரெண்டும் ஒண்ணுமாதிரி தோணும், ஏன்னா எடுக்கிறது நமக்குத் தெரியாமலேயே நடந்துடுது. உங்களுக்கு வைக்கிற இடம் நல்லா இருக்கு. எடுக்கிற இடத்துலதான் அந்தப் புள்ளி."

"எடுக்கிறதுக்குன்னு தனியா ஒரு இடம் இருக்காம்மா?"

"இந்த ஒரு இடம்தான்னு சொல்ல முடியாது. ஆனா நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதிக்கு அதுல பெரிய பங்கு. குரங்குகளுக்கு இதே விளையாட்டைப் பழக்கி, முடியைவிட மெல்லிசான கம்பிகளை வச்சு, மூளை செல்லுங்க என்ன பேசிக்குதுன்னு கேட்டிருக்காங்க. கூட்டத்துல ஒரு முகத்தைக் கண்ணால தேடிப் பிடிக்கிறோம் பாருங்க, அதுக்கு வேலை செய்ற இடமே மனசுக்குள்ள இருக்கிற நாலுல ஒண்ணை எடுக்கவும் வேலை செய்யுதாம். வெளியே பாக்கிறதும் உள்ளே பாக்கிறதும் ஒரே கைவேலை."

அவர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கும் பேச்சு பிடித்துப்போயிற்று.

"இன்னொண்ணு சொல்றேன். ரெண்டு நிறத்தையும் சும்மா வச்சிருக்கிறவரைக்கும் ஒண்ணோட ஒண்ணு முட்டாம தனித்தனியா இருக்கு. அம்புக்குறி வந்ததும், கேட்டது மட்டும் தன் வடிவத்தை மாத்திக்குது. மேலேருந்து எடுத்தாலும் சரி, கீழேருந்து எடுத்தாலும் சரி, எடுத்த பிறகு ஒரே மாதிரி வடிவம். கை அடுத்து என்ன செய்யணுமோ அதுக்குத் தோதான வடிவம்."

"திரும்பிக்குது," என்றார் நாலண்ணன்.

"என்ன?"

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எங்க யார்டுல கம்பிக்கட்டு குறுக்கும் நெடுக்குமா கிடக்கும்மா. ஒரு அடுக்கு வடக்கே பாத்துக் கிடக்கும், ஒரு அடுக்கு மேற்கே பாத்து. வடம் போட்டுக் கொக்கி மெல்ல இழுக்கும்போது, தரையை விடுறதுக்கு முன்னாடி கட்டு தானே ஒரு திருப்பு திரும்பும். கொக்கியில ஏறிட்டா, எந்த அடுக்குலேருந்து வந்த கட்டா இருந்தாலும் ஒரே மாதிரிதான் தொங்கும். அப்புறம்தான் அதை எங்கேயும் கொண்டுபோக முடியும்."

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் எழுதி வச்சுக்கலாமா?"

"அப்ப எனக்கு?" என்று கேட்டார் அவர்.

நாலாம் சுற்று அதற்காகத்தான். அம்புக்குறி வந்த பிறகு ஒன்றரை நொடி காத்திருந்துதான் தொடவேண்டும் என்று வைத்தார்கள். தப்பு இரண்டாகக் குறைந்தது. எடுக்கிற வேலை முறிந்துபோகவில்லை, தாமதமாகிவிட்டது. திருப்பம் முடிவதற்குள் வாய் கிளம்பிவிடுகிறது.

"ஒன்றரை நொடிதானே," என்றாள் மனைவி, ஆறுதலாக.

சாரத்து மேடையை நோக்கிப் போகும் இரண்டு டன் ஒன்றரை நொடியில் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த அம்மா ஒரு கடிதம் கொடுத்தார். பல உத்தரவுகளை ஒரே நேரத்தில் கையாளும் வேலையை இப்போதைக்குத் தவிர்க்கவும், மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கவும், சிலருக்கு நன்றாகத் தேறும் என்று அதில் இருந்தது. கடிதம் அவர் கையில்தான் கொடுக்கப்பட்டது. யாருக்குக் காட்டவேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

பஸ்ஸில் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். கடிதத்தைப் பற்றி அவர்தான் பேச்சை எடுத்தார். "மாப்ள மேலே இருக்கிறவரைக்கும் பயமில்லை. அவன் பாத்துக்குவான்."

"அவனுக்கு ஒரு நாள் தலைவலி வந்தா?" என்றாள் அவள்.

அதற்கப்புறம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சாலையைக் கடக்க நின்ற ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு, காதில் போனோடு, வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் பேசிக்கொண்டே நல்ல இடைவெளி ஒன்றைப் பிடித்துக் கடந்தாள். முன் இருக்கையில் ஒருவர் இறங்கவேண்டிய இடத்தையும், வாங்கவேண்டிய மருந்தையும், யாரிடமோ சொல்லவேண்டிய சாக்கையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நிறுத்தம் வந்ததும் மருந்தையும் சாக்கையும் விட்டுவிட்டு இறங்கவேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தார். பஸ் முழுக்க, சாலை முழுக்க, ஒவ்வொரு தலைக்குள்ளும் ஏதோ ஒன்று மற்றவற்றை விட்டுத் திரும்பி எழுந்துகொண்டே இருந்தது. சத்தமில்லை, சைகையில்லை. இவ்வளவு பெரிய வேலை நடப்பது செய்கிறவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பதினான்கு வருடம் அதையே தொழிலாகச் செய்த அவருக்கும் அது கெட்ட பிறகுதானே தெரிந்தது. அவருக்குத் தன் கஷ்டம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

வீட்டு நிறுத்தம் வந்தபோது, "திங்கக்கிழமை காலையில சொல்லிடுறேன்," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள்.

சைட் இன்ஜினியர் நல்ல மனிதர்தான். ஆனால் கடிதத்தையும் எட்டுத் தடவைக் கதையையும் கேட்டபோது அவர் முகம் சிவந்துவிட்டது.

"மூணு வாரம்! கிரேன்காரருக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லலை. அந்த அஞ்சு பேர் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?"

"தப்புதான் சார்."

"மாமனும் மச்சானும் குடும்பம் நடத்துற இடமா இது?" மைத்துனனையும் கீழே வரவழைத்து எழுதி வாங்கினார். இனிமேல் இரண்டு பேரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கொக்கி அப்படியே நிற்கவேண்டும், தனக்குச் சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டார். நாலண்ணன் இடுப்பிலிருந்து வாக்கி டாக்கியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பெல்ட்டில் அது இருந்த இடம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

"நீங்க யார்டுல லோடு கட்டுங்க. ஒரு நேரத்துல ஒரு கட்டு," என்றார் இன்ஜினியர். கொஞ்சம் தணிந்திருந்தார். "சைகைச் சான்று வச்சிருக்கிறவங்க இந்த சைட்ல மூணு பேர் இருக்காங்க. யாருகிட்ட குடுக்கலாம்? இதுல உங்களைவிட நல்லாச் சொல்றவங்க யாரும் இல்லை."

மூன்று பேர். ஒருவர் கம்பி மேஸ்திரி, தொண்டையே வாக்கி டாக்கி மாதிரி. இன்னொருவர் லோடு கட்டும் பழைய கூட்டாளி. மூன்றாவது, கட்டடத்தின் பக்கவாட்டில் ஏறி இறங்கும் கூண்டு லிஃப்டை ஓட்டுகிற அக்கா. போன சைட்டில் இரண்டு வருடம் சைகை பார்த்தவள். அதிகம் பேசமாட்டாள் என்பதால் யாருக்கும் அது ஞாபகத்தில் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலண்ணன் ஒரு பழைய பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். கலர் சாக்பீஸ் துண்டுகளால் சில அட்டைகளில் சதுரம் தீட்டி வைத்திருந்தார். மேலே ஓர் அட்டை, கீழே ஓர் அட்டை. காட்டுவார், மறைப்பார், மனசுக்குள் மூன்று எண்ணுவார், விரலை மேலேயோ கீழேயோ நீட்டுவார்.

கூட்டம் கூடிவிட்டது.

"இது என்னண்ணே, சின்னப் பசங்க பள்ளிக்கூடமா?" என்றார் கம்பி மேஸ்திரி.

"உட்காருய்யா, முதல் மாணவன் நீதான்."

மேஸ்திரி முதல் நாலைச் சரியாகச் சொன்னார். ஐந்தாவதில், விரல் நீள்வதற்கு முன்பே "பச்சை!" என்று கத்தினார்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே?"

"நீங்க கேக்கப்போறது பச்சைதான்னு எனக்குத் தெரியும்!"

"அட மேஸ்திரி, கம்பியை நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே போட்டுடுவீங்க போல," என்றான் ஒரு பூச்சு வேலைக்காரன். வெள்ளிக்கிழமை மூன்று மேற்கில் நின்ற ஐந்து பேரில் அவன் ஒருவன். நாலண்ணன் காலையிலேயே அவர்கள் ஐவரிடமும் போய் நடந்ததைச் சொல்லியிருந்தார். அவர்கள் அண்ணாந்துகூடப் பார்த்திருக்கவில்லை. நாலு பேர் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். இவன் மட்டும், "எங்க தலைக்கு மேலே நடந்தது எங்களுக்கே கடைசியாத்தான் தெரியுது" என்றான்.

பழைய கூட்டாளி நிதானமானவர். பத்தில் எட்டு. தவறிய இரண்டும் மற்றச் சதுரத்தின் நிறம்தான். "பாத்தீங்களா!" என்றார் நாலண்ணன், ஏதோ புதையல் கிடைத்தவர் போல. "நல்ல மூளைக்கும் அதேதான் நடக்குது, கொஞ்சமா!" கூட்டாளிக்கு அதில் என்ன சந்தோஷம் என்று விளங்கவில்லை.

லிஃப்ட் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"தப்பாச் சொன்னா லிஃப்டையும் பிடுங்கிடுவீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப சரி."

நாள் பூராவும், "மூணு, அக்கா", "எனக்கு ஏழு", "அஞ்சுல நிறுத்துங்க" என்று கூண்டுக்குள் கத்துகிறவர்களைச் சுமந்து போகிறவள். ஏறும்போது எந்த மாடி, இறங்கும்போது எந்த மாடி என்று பிரித்து எடுக்கிறவள். அவர் அட்டைகளைக் காட்டினார். நீலம், ஆரஞ்சு. மறைத்தார். எண்ணினார். விரலைக் கீழே நீட்டினார்.

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். கண்கள் அவர் விரலைவிட்டு விலகின, ஆனால் வேறெதையும் பார்க்கவில்லை. உதடு அசையவில்லை. இமைகூட அசையவில்லை. ஒரு கணத்தில் பாதி இருக்கும். முகத்துக்குப் பின்னால் எங்கேயோ நீலம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆரஞ்சு மட்டும் தரையைவிட்டுத் திரும்பி எழுந்தது.

"ஆரஞ்சு."

பத்துக்குப் பத்து. இன்னும் பத்து கேட்டார். கூட்டத்தைச் சத்தம் போடச் சொல்லிக் கேட்டார். இருபதுக்கு இருபது. கம்பி மேஸ்திரி எழுந்து, "என் கம்பியை முதல்ல அனுப்புவேன்னு சத்தியம் பண்ணு, ஒத்துக்கிறேன்" என்றார். "இறுகாத பொருளுக்கு என்ன அவசரம்?" என்றாள் அவள். அதைக் கேட்டதும் நாலண்ணன் அட்டைகளை அடுக்கி எடுத்துவிட்டார். இனிச் சோதிக்க ஒன்றுமில்லை.

இன்ஜினியர் வண்ண அட்டையை நம்புகிறவர் அல்ல. "நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் காலிக் கொக்கியோட ஓட்டிப் பாக்கணும். எல்லாரும் நிஜமாவே கேக்கிற மாதிரி கேளுங்க," என்றார்.

மறுநாள் காலை காற்று கொஞ்சம் எழுந்திருந்தது. லிஃப்ட் அக்கா யார்டின் நடுவில் நின்றாள். வாக்கி டாக்கியை நாலண்ணன் அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு நாலு அடி தள்ளி, கம்பிக்கட்டுகளின் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"எட்டு வடக்கு, பலகை." "ஏழு கிழக்கு, கம்பி." "நாலு மேற்கு, மணல்." கம்பி மேஸ்திரி வேண்டுமென்றே எல்லோருக்கும் மேலே கத்தினார். கடைசியாகக் கான்கிரீட் மேஸ்திரி, "பத்து கிழக்கு, கான்கிரீட். லேட்டானா இறுகிடும், சொல்லிட்டேன்."

நாலும் நாலண்ணனின் தலைக்குள்ளும் விழுந்தன. வேண்டாம் என்றாலும் விழும். அவர் அதில் ஒன்றை எடுக்க முயலவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்கள் எதையும் பார்க்காமல் நின்றன. மேலே கூண்டில் மைத்துனன் காத்திருந்தான். நாலு மாடிகளில் நாலு கூட்டம் ஆட்கள் காத்திருந்தார்கள். அத்தனை பேரும் அத்தனை இரும்பும் ஒரு பெண்ணின் நெற்றிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று திரும்பி முடிப்பதற்காக அசையாமல் நின்றன. அந்த அரைக் கணத்தில் நாலண்ணன் மூச்சு விடவில்லை.

"பத்து கிழக்கு," என்றாள் அவள். "இடது வாங்க தம்பி. மெதுவா."

"வரேன் அக்கா."

காலிக் கொக்கி ஆகாயத்தில் இடதுபக்கம் நகர்ந்தது. நாலண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டு, அன்றைக்குக் கட்டவேண்டிய முதல் கட்டுக்குப் பக்கத்தில் குனிந்தார்.